மூத்தவளின் வாக்கு

என் மூத்த மகள் மெல்பேர்னுக்குப் போய் ஒன்பது வருடம். ஆனால் எங்கள் வீட்டு வாக்காளர் இடாப்பில் அவளும் அவள் புருஷனும் அண்மைக்காலம் வரை இங்கேயேதான் குடியிருந்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவள் நான். வருடா வருடம் கிராம சேவகர் படிவத்தோடு வருவார். "வெளிநாட்டில ஆரும் இரிக்காங்களா?" என்று கேட்பார். பேனாவை மூடிக்கொண்டேதான் கேட்பார், பதில் அவருக்கும் தெரியும். "அவங்க வருவாங்கதானே" என்பேன். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போன பிள்ளையின் பேரை எந்தத் தாயும் தன் வாயால் வெட்டச் சொல்லமாட்டாள். பேரை வெட்டினால் பிள்ளை இனி வராது என்று ஒரு பயம். அதோடு இன்னொன்றும் உண்டு. நாலு வோட்டு உள்ள வீட்டுக்கு வேட்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். இரண்டு வோட்டு வீட்டுக்கு கேற்றடியில் நின்று நோட்டீஸை நீட்டுவார்.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் முப்பது வருடம் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவள். வாய் கொஞ்சம் கூட, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். புருஷன் மௌத்தாகி ஆறு வருடம். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு என்றால் வளவு நிலத்துக்கு எங்கே போவது? கல்முனைக் கரையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், நடுவில் ஒரு றோட்டு, மீதியெல்லாம் ஆட்கள். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்மல். பக்கவாட்டில் இடமில்லாததால் மேலே கட்டினோம். மேல்மாடி மூத்தவளுக்கு, கீழ்வீடு இளையவளுக்கு. மேல்மாடி ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் போய்க் கூட்டிவிட்டு வருவேன்.

தேர்தல் எனக்கு வெறுத்துப்போய் எத்தனையோ காலம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரு வடிகான் வேண்டும் என்று அடுத்தடுத்து வந்த மூன்று சபைகளிடம் கேட்டோம். மூன்று பேரும் மாலை போட்டுக்கொண்டு வந்து அடிக்கல் வைத்தார்கள். அந்தக் கற்களை அடுக்கியிருந்தாலே பாதி வடிகான் முடிந்திருக்கும். மாரி வந்தால் கணுக்காலுக்குத் தண்ணீர். கடந்த இரண்டு தேர்தலுக்கும் நான் போகவில்லை. என்னைக் குறை சொல்லவும் ஊரில் ஆளில்லை, ஏனென்றால் பாதிப் பேர் போகவில்லை. கண்டறியாத வோட்டு என்று சொல்லிவிட்டு எல்லோரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இருந்த என்னை இழுத்துவிட்டது இளையவளின் கலியாணம். பட்டம் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டே அவளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. பல பேச்சுகள் வந்து நின்றுபோயின. கடைசியில் வந்த பேச்சு நல்ல பேச்சு. மாப்பிள்ளை வங்கியில் வேலை. அவர் தொலைபேசியில் பேசும்போது என் மகள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பாள். வாப்பா மௌத்தான பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. நிக்காஹ் நாள் வைத்தாயிற்று. சபைத் தேர்தலுக்கு மூன்று கிழமைக்குப் பிறகு.

மாப்பிள்ளைக்கு வாப்பா இல்லை. அந்த வீட்டில் சொல்லும் செயலும் அவருடைய தாய்மாமன்தான். பெரிய றோட்டில் புடவைக் கடை வைத்திருப்பவர், எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சிக்காரருக்கு வலது கை. ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். கரண்டியால் கலக்கினாரே தவிர வாயில் வைக்கவில்லை. பெண் வீட்டில் தேத்தண்ணீரைத் தொடாமல் இருந்தால் வந்த காரியம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். சீதனத்தில் ஏதோ புதிதாகக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மச்சி, ஒரு சின்ன உதவி" என்றார், சம்பந்தி முறை சொல்லி. "மேல்மாடிப் புள்ளைகள்ற ரெண்டு வோட்டுக் கார்ட்டும் சும்மாதானே கிடக்கும். அதுகள்ற பழைய ஐ.சி. அட்டை இரிக்கெண்டா அதையும் தாங்க. நம்மட வட்டாரத்தில அஞ்சாறு வோட்டிலதான் வெல்றதும் தோக்கிறதும்."

"அது பிழையில்லையா மச்சான்?"

"பிழைதான். மற்றப் பக்கம் செய்றான். நாம செய்யாட்டி அவன் வெல்லுவான். வெளியாளிட்டப் போய்க் கேக்க ஏலுமா? நாம இனிச் சொந்தம்தானே."

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்றேன். அப்போதுதான் கோப்பையை எடுத்தார், ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மூத்தவள் வழக்கம்போல வீடியோவில் வந்தாள். கார்ட் விஷயத்தை நேரடியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே நீங்கள் வோட்டுப் போடுவீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"போடாம இரிக்க ஏலாது உம்மா. போகாட்டித் தண்டம் வரும். முதல் தரம் புள்ளைக்குக் காய்ச்சல் எண்டு போகல்ல, கடிதம் வந்திச்சி. இப்ப ஒழுங்காப் போவன்."

"ஆருக்குப் போடுவாய்?"

அவள் சிரித்தாள். "பேருக்கு நேரா ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு நம்பர் போடணும். நான் மேலயிருந்து கீழ வரிசையாப் போட்டுட்டு வருவன். வாசிக்கிறதும் இல்ல. என்னோட வேலை செய்ற வெள்ளைக்காரி தாளில படம் கீறிட்டு வாறவ. எல்லாரும் பொய்யனுகள் எண்டு சொல்லிச் சொல்லியே வரிசையில நிப்பாங்க."

அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். வாடகை வீடு மாறவேண்டியிருந்தது. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் வாசலில் இருபது, முப்பது பேர் நிற்பார்களாம். போன கிழமை அப்படி நின்றபோது பின்னால் நின்ற ஒருவர், நாட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள், வந்தவர்களெல்லாம் போனால் எங்களுக்கு வீடு கிடைக்கும் என்று அவள் காதில் விழச் சொன்னாராம். கட்சிகளும் அதையேதான் மேடையில் சொல்கிறார்களாம், வருகிறவர்களைக் குறைப்போம் என்று.

"சனத்தொகை, சனத்தொகை எண்டு செய்தியில சொல்லுவாங்க உம்மா. அவங்க சொல்றது எங்களத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. "இஞ்ச மேல்மாடி பூட்டிக் கிடக்கு. நீ அங்க போய் வாசலில நிண்டு ஏச்சு வாங்குறாய்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கியது. தங்கச்சியின் கலியாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை, டிக்கட்டும் வீடு மாறுவதும் ஒன்றாக முடியாது என்று ஏற்கனவே சொல்லி அழுதிருந்தாள். இப்போது அழவில்லை.

"என்ட பேரை இன்னும் வெட்டல்லையா உம்மா?" என்று மட்டும் கேட்டாள். "எனக்கு அங்க வோட்டே இல்ல. நான் இப்ப இந்த நாட்டு ஆள்."

வெட்டுவோம் என்றேன். திங்கட்கிழமை காலையில் அலுமாரியைத் திறந்து, அவள் விட்டுப்போன பழைய அடையாள அட்டையையும் மருமகனுடையதையும் எடுத்து, இரண்டு கார்ட்டோடும் சேர்த்து ஒரு கடித உறையில் போட்டு மாமனின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு மகள்களிடமும் சொல்லவில்லை. குப்பையில் போகிற வோட்டு, யாராவது போட்டுவிட்டுப் போகட்டும், என் பிள்ளை வாழட்டும். இதுதான் என் கணக்கு. மனம் உறுத்தியதா என்றால், பொய் சொல்லமாட்டேன், அன்று பெரிதாக உறுத்தவில்லை.

தேர்தல் அன்று பத்து மணிக்கு மாமன் ஆட்டோ அனுப்பினார். சொந்தக்காரர்களின் வோட்டு விழுவதை ஊர் காணவேண்டுமாம். இளையவள் வர மறுத்துவிட்டாள். "எல்லாம் ஒண்டுதான் உம்மா. நீங்க வேணுமெண்டாப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தாள்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். பெண்கள் வரிசை கட்டிடத்தைச் சுற்றி மாமர நிழல் வரைக்கும்தான் இருந்தது. முன்பெல்லாம் கேற்றைத் தாண்டி றோட்டுக்குப் போகும். வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் நிற்கிறவர்களை முப்பது வருடம் கவுண்டருக்கு உள்ளேயிருந்து ஏசியவள் நான், அன்று வெளியே நின்று புழுங்கினேன். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் கறுப்பு அபாயாவும் ஸ்கார்ஃபும் போட்டிருந்தாள். கையிலிருந்த கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். ஓதுகிறாள் என்று நினைத்தேன்.

வகுப்பறைக்குள் ஒரு நீள மேசை. முதல் கிளார்க் கார்ட்டை வாங்கி இலக்கத்தையும் பேரையும் உரத்து வாசிப்பார். சுவரோரமாக இருக்கும் கட்சி முகவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். ஒரு கதிரையில் மாப்பிள்ளையின் மாமன், பென்சிலோடு. பக்கத்துக் கதிரையில் எதிர்க்கட்சிக்காக எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டைத் தெரிந்தவர். மாமன் என்னைக் கண்டு தலையசைத்தார். பிறகு என் முன்னால் நின்றவளைப் பார்த்தார். அவர் கையில் இருந்த பென்சில் அசையாமல் நின்றது. அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை.

கிளார்க் அவள் கார்ட்டை வாங்கினார். இலக்கம் வாசித்தார். பிறகு என் மகளின் பேரை, அவள் வாப்பாவின் பேரோடு சேர்த்து, வகுப்பறை முழுக்கக் கேட்க வாசித்தார்.

"ஓம்" என்றாள் முன்னால் நின்றவள்.

கார்ட்டைக் கொடுத்தபோது அதற்குப் பின்னால் ஒரு ஆள் வரும், அந்த ஆளுக்கு ஒரு முதுகும் ஒரு குரலும் இருக்கும், அது என் முன்னாலேயே வந்து நிற்கும் என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை.

ஒழுங்கைக்காரர் எழும்பினார். "சேர், இது அந்தப் புள்ள இல்ல. அந்தப் புள்ள ஆஸ்திரேலியாவில இரிக்கி."

பொறுப்பதிகாரி திருக்கோவில் என்ற ஊர்ப்பக்கத்து ஆள், மூக்குக்கண்ணாடியோடு ஒரு அமைதியான மனிதர். அடையாள அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினேழு வயதில் எடுத்த படம், பிளாஸ்டிக் மங்கி, யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

மாமன் இருந்த இடத்தில் இருந்தபடியே சொன்னார். "அந்தப் புள்ள வந்திரிக்கி சேர். போன கிழமை வந்த. தங்கச்சிட கலியாணமெல்லோ."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி நான் எதைக் கேட்டேனோ அதை அவர் ஒரு வோட்டுக்காகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். என் பிள்ளை வந்திருக்கிறாளாம். தங்கச்சியின் கலியாணத்துக்கு.

"அந்தா உம்மாக்காரி நிக்கிறா, கேளுங்க" என்றார் ஒழுங்கைக்காரர்.

வகுப்பறை திரும்பியது. அதிகாரி கேட்டார், "அம்மா, இவ உங்கட மகளா?"

அந்தப் பெண் அப்போதுதான் திரும்பினாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் தன் தலைவிதி என் வாயில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மாமன் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, பொறுமையாகப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் மூன்று கிழமையில் நிக்காஹ். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"இல்ல" என்றேன். "என்ட மகள் வரல்ல."

எனக்கே என்மேல் ஆத்திரம். "கார்ட்டும் ஐ.சி.யும் குடுத்தது நான்தான் சேர். இந்தப் புள்ளையை விடுங்க."

"உங்களையும் சேர்த்துப் பொலிஸில குடுக்கலாம், தெரியுமா?"

"தெரியும்."

ஆரிடம் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே சத்தம் கூடத் தொடங்கியது, அவர் கலவரத்துக்குப் பயந்தார் போல. கார்ட்டையும் அட்டையையும் வைத்துக்கொண்டு புத்தகத்தில் ஏதோ எழுதினார். இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி அவளை அனுப்பினார். அவள் ஓடினாள். மாமனின் கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறவள், கைக்குழந்தைக்காரி, முதலாளி சொன்னதால் வந்தவள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மருமகனின் வோட்டு காலை ஏழரைக்கே சத்தமில்லாமல் விழுந்துவிட்டதாம்.

பிறகு என் முறை வந்தது. சின்னவிரலில் மை பூசினார்கள், தாளைத் தந்தார்கள். மட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று சின்னங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் எங்கள் ஒழுங்கைக்கு வந்து போனதுதான். எதற்கு நேரேயும் கை போகவில்லை. வெறும் தாளை மடித்துப் பெட்டியில் போட்டேன். கையெழுத்தில்லாத மருந்துச் சீட்டை நீட்டியவர்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருப்பேன்! வெளியே வந்தபோது ஆட்டோ போய்விட்டிருந்தது.

நடந்து வீடு சேர்வதற்குள் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. இளையவள் வாசலில் நின்றாள், எண்ணெய்த் தலையோடு, கையில் தொலைபேசியோடு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னேரத்துக்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் என் படத்தை முகநூலில் போட்டுவிட்டார்கள். கள்ள வோட்டைத் தடுத்த வீரத்தாயாம். வீரத்தாய்! கார்ட்டை உறையில் போட்டுக் கொடுத்தவளே அந்தத் தாய்தான் என்பதை அதில் ஒருவரும் எழுதவில்லை. அழிக்கச் சொல்லி ஒழுங்கைக்காரரின் வீட்டு வாசலில் போய் நின்று ஏசினேன். நல்லதுதானே போட்டிருக்கிறோம் என்றார்.

அவ்வளவு பாடும் பட்டு, மாமனின் ஆள் நல்ல வித்தியாசத்தில் வென்றார். மூத்தவளின் வோட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒன்றுதான். மூத்தவளுக்கு நான் வீடியோவில் சொன்னபோது, நல்ல வேலை செய்தீர்கள் உம்மா என்றாள். பிறகு, "அப்ப இனி இடாப்பில என்ட பேர் இல்லையா?" என்று கேட்டாள். பேரை வெட்டு வெட்டு என்று நின்றவள் அவள். மறுநாளே கிராம சேவகரிடம் போய் வெட்டச் சொல்லிவிட்டேன் என்றதும் தொலைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் எனக்கு இருட்டுத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. மாப்பிள்ளையின் அழைப்புகள் முதலில் குறைந்தன, பிறகு நின்றன. பதினோராம் நாள் பேச்சுக் கொண்டுவந்த பெண் வந்தாள். கதிரையில் இருக்கவும் இல்லை. "மாமன் மனசு சரியில்லையாம். இப்போதைக்கு நிப்பாட்டி வைப்பமாம்" என்றாள். இப்போதைக்கு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவர் பாவம், மாமன்ட சொல்லுத் தட்டமாட்டார்" என்றாள்.

மதியம், லுஹர் நேரம். சோறும் மீன் ஆணமும் மேசையில் இருந்தன. அவள் போனதும் நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இளையவள் தட்டை எடுத்துச் சோறு போட்டாள். அழுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"கார்ட்டைக் குடுக்கக்குள்ள என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா உம்மா?"

"இல்ல மனே. உனக்காகத்தானே குடுத்தன்."

"அங்க வச்சு இல்லையெண்டு சொல்லக்குள்ள? அப்ப என்னை நினைச்சீங்களா?"

நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். கலியாணம் போகும் என்று தெரிந்துதானே சொன்னேன், அதுவும் ஒரு நினைப்புத்தானே என்று வாதாடியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் என் நெஞ்சு முழுக்க இருந்தது யார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மூத்தவளத்தான் நினைச்சன், உன்ட ராத்தாவ" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"என்ட கலியாணத்துக்கு நீங்க ரெண்டு தரம் வோட்டுப் போட்டிரிக்கீங்க உம்மா" என்றாள். "ஒருக்கா வேணும் எண்டு, ஒருக்கா வேணாம் எண்டு. எனக்கு ஒரு வோட்டும் தரல்ல."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, வெகு நேரம் கேட்டது.